டீவிக்குப் போட்ட கூரையும் சம்பந்தியின் விறகும்

என் பேத்தி பூரணிக்கு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். சிரிக்கத் தொடங்கிவிட்டாள். மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு. இதை லிந்துலைக் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். பிடிவாதம் மட்டும் இன்னொரு தாத்தாவுடையது. பால் வேண்டாம் என்று வாயை மூடினால் மூடியதுதான். அந்தத் தாத்தா என் சம்பந்தி ஜீவராஜ். அவரைப் பற்றித்தான் இது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அரைத்த கொழுந்தைக் காய வைக்க ஒரு பெரிய அடுப்பு உண்டு. முப்பத்தொரு வருடமாக அதற்கு விறகு போடுகிறவர் அவர். கையில் ஒரு முடி கிடையாது, எல்லாம் கருகிப் போனது. கட்டையைக் கையில் தூக்கினாலே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். என் மகள் வினோதாவைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட, பெண்ணைப் பார்ப்பதற்கு முன் எங்கள் அடுப்பைத்தான் பார்த்தார். "என்னங்க, ஈர வெறகு எரிக்கிறீங்க? பொண்ணு கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்றார். சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது என்று என் மனைவி சொல்லுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அடித்த காற்றில் ஸ்டோரின் விறகுக் கொட்டகைக் கூரை பறந்துபோனது. அன்றிலிருந்து விறகு மழையில் கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் நின்று தகரம் கேட்பார். "பார்ப்போம்" என்பார்கள். நனைந்த விறகு ஒன்றுக்கு இரண்டாகத் தின்னும். அதனால் மரமும் இரண்டு மடங்கு விழுந்தது. பழைய காடு தீர்ந்ததும், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே நிற்கிற யூக்கலிப்டஸ் மரங்களில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்தது அவைதான் என்று அர்த்தம். போன வருடப் பெருமழையில் பக்கத்து டிவிசனில் மண் சரிந்தபோது, எங்கள் மண்மேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவை அந்த வேர்கள். மேட்டை ஒட்டிய அறையில்தான் வினோதா பிள்ளையோடு படுக்கிறாள்.

இந்த நேரத்தில்தான் தோட்டத்து நலன்புரி அலுவலர் பிரதாப் வந்தார். ஹட்டன் பையன், நல்ல பிள்ளைதான். கொழும்புக் கம்பெனி 'பசுமை மணித்தியாலம்' நடத்துகிறதாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை எல்லா வீட்டிலும் விளக்கை அணைக்க வேண்டும். மெழுகுதிரி ஏற்றிப் போட்டோ எடுத்து, போனில் ஒரு பட்டனை அமுக்கினால், ஸ்டோர் வாசலில் வைத்த பெரிய டீவியில் ஒரு பச்சை இலை முளைக்கும். கதவு அகலத்துக்கு டீவி. இரவு பகலாக எரிந்தது. அது நனையக் கூடாதென்று இரும்புக் கம்பம் நட்டு, பன்னிரண்டு புதுத் தகரத்தில் கூரையும் போட்டார்கள்.

"ஜீவராஜ் மாமா, நீங்கதான் மொத எலையப் போடணும். கொழும்புல எல்லாரும் பார்ப்பாங்க" என்றார் பிரதாப்.

"எங்க வீட்டுல ரெண்டு பல்பு தம்பி. அதுல ஒண்ணு போயி மூணு மாசம். நான் ராவு பகலா அணைச்சுத்தான் வச்சிருக்கேன். அதுக்கு எத்தன எல குடுப்பீங்க?"

"இது ஒரு அடையாளம் மாமா. சனங்க மனசுல எண்ணம் வரணும்ல?"

"எண்ணம் எனக்கு ரெண்டு வருசமா இருக்கு. தகரந்தான் இல்ல."

அன்று மாலை வினோதா கேட்டாள். "ஒரு மணித்தியாலம் அணைச்சா என்ன கெட்டுப் போச்சு மாமா?"

"ஒண்ணும் கெடல ஆயி. ஆனா 'நாங்க காட்டக் காப்பாத்திட்டோம்'னு போட்டோவக் காட்டிருவாங்க. அப்புறம் நான் தகரம் கேட்டா, அதான் காப்பாத்தியாச்சேம்பாங்க."

மறுநாளே வேலை முடிந்ததும் அவர் விறகைப் பிளந்து டீவிக் கூரைக்குக் கீழே அடுக்கத் தொடங்கினார். ஸ்டோர்ச் சுவரின் சூடு படுகிற இடம் அது. நானும் போய் ஒரு வரிசை அடுக்கினேன். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இழுத்துத் தள்ளினார்.

"வெளிய அடுக்கினாத்தான் பட்ட மேல பார்க்கணும் சம்பந்தி. கூரைக்குள்ள பட்ட கீழ. மூக்கு மட்டும் நீளமா இருந்தா போதுமா?"

மூன்று வாரம் அடுக்கினோம். பிரதாப் அதை விழாவுக்கான அலங்காரம் என்று நினைத்து, "சூப்பர் ஐடியா மாமா!" என்று படமெல்லாம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். நாங்கள் திருத்தவில்லை.

சனிக்கிழமை மாலை தோட்ட மேனேஜர் துரை வந்தபோது, அதுவரை டீவியின் இரண்டு பக்கமும் நின்ற விறகு அதன் முன்னாலும் கழுத்து வரை ஏறியிருந்தது. இலை முளைக்க வேண்டிய இடமே தெரியவில்லை. உச்சியில் கம்பெனிப் பெயர் மட்டும் தெரிந்தது.

"மொகத மே?" என்று, இது என்ன என்ற அர்த்தத்தில், சிங்களத்தில் கேட்டார் துரை.

"வெறகு தொர. நனையக் கூடாதுல்ல."

"மாமா, இது டீவிக்குப் போட்ட கூரை!" பிரதாப்புக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீவி நனைஞ்சா என்ன ஆகும் தம்பி? எல தெரியாது. வெறகு நனைஞ்சா மேல நிக்கிற மரம் போகும். மரம் போனா மண்ணு எங்க புள்ள மேலதான் வரும்."

அடுக்கிலிருந்து ஒரு கட்டை, வெளியே கிடந்ததில் ஒரு கட்டை, இரண்டையும் எடுத்துக்கொண்டு துரையை அடுப்பு வாசலுக்கே கூட்டிப்போனார். நாங்களும் பின்னால் போனோம். காய்ந்தது போட்ட உடனே பிடித்துக்கொண்டது. ஈரக் கட்டை முனையில் நுரை தள்ளி உஸ்ஸென்று சீறியது.

"நேத்து ஈர வெறகு எழுவது கைவண்டி தள்ளுனேன். இன்னிக்கி அடுக்கினதுல இருந்து எடுத்து எரிச்சேன், நாப்பத்திமூணுதான். மிச்சம் இருவத்தேழு வண்டி வெறும் தண்ணிய எரிக்கத்தான் தொர."

துரை குனிந்து அந்த நுரையைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "பட்டன் அமுக்கு ஜீவராஜ். பொறகு பேசலாம்" என்றார்.

"மொதல்ல அந்த செவப்புக் கோட்ட அழிக்கச் சொல்லுங்க. அப்புறம் பத்து வெரலாலயும் அமுக்குறேன்."

ஆறரை ஆனது. வெளியே வந்து லயத்தைப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் விளக்கு அணையவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. வீட்டுக்கு ஒரு பல்பு, வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. பிரதாப் மட்டும் தன் போனில் தானே அமுக்கினார். அந்த இலையும் விறகுக்குப் பின்னால் முளைத்தது.

திங்கட்கிழமை மரம் வெட்ட வந்தவர்களை, இருக்கிற விறகு தீரட்டும் என்று துரை திருப்பி அனுப்பினார். டீவி ஆபீசுக்குள் போய்விட்டது. கூரை விறகோடு நிற்கிறது. மரத்தில் கோடு இன்னும் அழியவில்லை. அதனால் சம்பந்தி தினமும் மாலையில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மேலே போய், இருபத்தாறு மரமும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வருகிறார்.

போன வாரம் ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக் கூரையை அனுமதியின்றிப் பாவித்ததற்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம்.

"என்னங்க சம்பந்தி, பதில் எழுதுனீங்களா?" என்று கேட்டேன்.

பேத்தியின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்லா காஞ்ச கடுதாசி. போட்ட ஒடனே பத்திக்கிச்சு."