ஏலி காலியாக விட்ட மூலை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பினாங்கு பாயான் பாருவில் என் அக்கா வீட்டு வாசலில், ஒரு ஓவியர் தன் சொந்த ஓவியத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

யாரும் அதைக் கிழிக்கவில்லை. தலைகீழாக மாட்டவும் இல்லை. சாமி மேடையில் வைத்திருந்தார்கள்... அவ்வளவுதான்!

முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில். மல்லிகைச் சரம் சாத்தி, முன்னால் விளக்கேற்றி, கீழ் மூலையில் பளிச்சென்று ஒரு குங்குமப் பொட்டும் வைத்து.

நீங்கள் வரைந்த படத்துக்கு ஒருவர் இப்படி மரியாதை செய்தால் சந்தோஷப்பட மாட்டீர்களா? நானாக இருந்தால் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பேன். ஏலி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

ஏலி யார் என்று சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர். யூதர். அக்கா இருக்கும் அதே அடுக்குமாடியில், இரண்டு மாடி கீழே குடியிருக்கிறார். தாத்தா பாக்தாத்திலிருந்து பினாங்குக்கு வியாபாரத்துக்கு வந்தவர். ஜார்ஜ் டவுனில் உள்ள பழைய யூதர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். அப்பா காலத்தில் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. ஏலி அங்கே பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். மனைவி இறந்த பிறகு, தாத்தா இருக்கும் ஊருக்கே வந்து தங்கிவிட்டார். தன் மதத்தைப் பற்றி இங்கே சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

அவர் வரைவதெல்லாம் எழுத்தும் நெருப்புப் பொறியும்தான். அவர்களுடைய ஞான மரபில் ஒரு கதை உண்டாம். கடவுள் எழுத்துகளைக் கொண்டு உலகத்தைப் படைத்தார். தன் ஒளியைப் பாத்திரங்களில் ஊற்றினார். பாத்திரங்களுக்குத் தாங்கவில்லை... உடைந்துவிட்டன. ஒளி பொறிப்பொறியாகச் சிதறி, உலகத்தில் இருக்கும் எல்லாப் பொருளுக்குள்ளும் போய் மறைந்துகொண்டது. அதைக் கண்டெடுப்பது மனிதனின் வேலை.

நமக்கு இது கதை. ஏலிக்கு இதுதான் பிழைப்பு. கோய்தியாவ் என்கிற தட்டை நூடுல்ஸ் வறுக்கிற கடைக்குப் போனால் மனுஷன் சாப்பிட உட்கார மாட்டார். வாணலியிலிருந்து தெறிக்கிற நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். "அங்கள், ஓகே ஆ?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் தட்டு ஞாபகம் வரும். மறுநாள் பார்த்தால், அந்தப் பொறி ஒரு ஹீப்ரு எழுத்தைச் சுற்றிக் கேன்வாஸில் பறந்துகொண்டிருக்கும்.

அக்கா மகள் தேவி ஃபேக்டரியில் எஞ்சினியர். அவளுக்கு இருதய வால்வில் கோளாறு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேள்விப்பட்ட ஏலி ஒரு படம் வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். கருநீலத்தில் மேலே மேலே ஏறும் பொறிகள். நடுவில் ஒரே ஓர் எழுத்து. அவர்கள் மொழியில் உயிர் என்ற சொல்லுக்கு அதுதான் முதல் எழுத்தாம்.

"தேவியின் அறையில் மாட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மாட்டுவாளா? சாமி எழுத்துப் போட்ட படத்தைப் படுக்கிற அறையில் மாட்டலாமா? நேரே சாமி மேடைக்குப் போய்விட்டது. ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருந்த தேவி அன்றைக்கு இருமாமல் தூங்கினாளாம். போதாதா? தண்ணீர்மலை முருகனிடம் கேட்க வேண்டியதில் பாதியை அக்கா இந்தப் படத்திடம் கேட்க ஆரம்பித்தாள்.

அத்தான் போனதிலிருந்து அவளுக்கு தேவி ஒருத்திதான். நல்ல புடவை இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை. "இந்தக் காலத்துல யாரும்மா இப்படி?" என்று தேவி சண்டை போட்டுப் பார்த்தாள். நானும் கத்திப் பார்த்தேன். அக்காவா அசைகிறவள்?

அந்த வெள்ளிக்கிழமை தேவிக்காகத் தானே சுட்ட ரொட்டியோடு வந்த ஏலிதான் வாசலில் அப்படி நின்றார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டார்: "இதைக் கும்பிடுகிறார்களா?"

"மரியாதைதான் அங்கள். எங்கள் வழக்கம்" என்று சமாளித்தேன்.

"என் கை செய்த பொருளை யாரும் கும்பிடக் கூடாது. எங்களுக்கு அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்."

சொன்னேன். அக்கா எழுந்து மேடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்னா தம்பி இது? செவ்வாக்கெழம ஆபரேஷன்! புள்ளைய உள்ளார கொண்டு போற நேரத்துல இத எடுத்துட்டுப் போனா நான் என்னா செய்வேன்? முடிஞ்ச பொறவு வாங்கிக்கச் சொல்லு லா..."

அழுதுவிட்டாள். ஏலியின் கண்ணும் கலங்கிவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி சூரியன் மறைந்ததும் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும்; மறுநாள் வானத்தில் நட்சத்திரம் தெரியும்வரை எதையும் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கக் கூடாது. ரொட்டியை மேசையில் வைத்தார். "நாளைக்கு வருகிறேன்" என்று படியில் இறங்கிப் போனார்.

எனக்குக் கோபமான கோபம். கொடுத்த படத்தைத் திருப்பிக் கேட்பார்களா? வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுநாள் வேலையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இருட்டிய பிறகு வந்தார். இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"தேவியிடமிருந்து எடுத்துப்போக மாட்டேன். மேடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது கடவுள் இல்லை, அம்மா. அந்தப் பெண்ணுக்காக நான் கடவுளிடம் கேட்டது... அவ்வளவுதான்."

நான் வைத்திருந்த நாலு வார்த்தைக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்கா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இது வேண்டுதல். அத முன்னயே சொல்லக் கூடாதா ஏலி அண்ணே?" என்று மாலையைக் கழற்றினாள். பிறகு சங்கடத்தோடு, "பொட்டு வேற வெச்சிட்டேனே. கலர் மேல வெச்சா கெட்டுருமேன்னு, காலியா இருந்த மூலையில வெச்சேன்" என்றாள்.

எனக்கும் அது வெகுநாள் சந்தேகம். அவருடைய எல்லாப் படத்திலும் கீழ் மூலை வெறும் துணியாகவே இருக்கும். கேட்டேன்.

அவர்களுடைய கோயில் ஒன்று எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டதாம். அதன் துக்கத்துக்காக, வீடு கட்டினால் சுவரில் ஓர் இடம் பூசாமல் விடுவார்கள். ஏலி அதைப் படத்திலும் விடுகிறார். அக்காவுக்கும் அதைச் சொன்னேன்.

அக்கா சடாரென்று முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். நான் தடுப்பதற்குள் குனிந்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோலத் துடைக்க ஆரம்பித்தாள்.

"துக்கம் இருக்கற எடத்துல பொட்டு வெக்கக் கூடாது தம்பி. எனக்குத் தெரியாதா?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஏலி, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"அம்மாவிடம் சொல்லுங்கள். துக்கப்படாமல் இருக்க முடியாது. அதற்காக வீட்டையே பூசாமல் விடவும் சட்டம் இல்லை. ஒரு மூலைதான். மிச்சத்தைப் பூசியாக வேண்டும். என் மனைவி போனதும் நான் பிரஷ்ஷையே தொடவில்லை. அது தப்பு என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது."

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பொட்டு முழுசாகப் போகவில்லை. துணியில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிட்டது. "கொஞ்சம் வெள்ளை பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் அங்கள்" என்று ஐடியா கொடுத்தேன்.

"அந்த மூலையில் பெயிண்ட் படக் கூடாதே" என்றார் ஏலி. "இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை தேவியை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் படம். கும்பிடவில்லை... கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடிகாரம் நகர்ந்த லட்சணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் டாக்டர் வந்து சிரித்தார்.

தேவி வீட்டுக்கு வந்துவிட்டாள். படம் இப்போது அவள் அறையில், ஏலி முதலில் சொன்ன இடத்தில். கீழ் மூலையில் அந்த இளஞ்சிவப்பு இன்னும் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். அக்கா விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கீழே ஏலியும் தன் ஓய்வு நாளுக்கு அந்த நேரத்துக்குத்தான் விளக்கேற்றுவார். திரும்பியவளின் நெற்றியில் சின்னதாக, கடுகளவு, ஒரு பொட்டு.

நான் வாயைத் திறக்கவில்லை. நான் நாலு வார்த்தை பேசப்போய் அவள் அதை அழித்துவிட்டால்?