காதுல விட்டது, தொண்டையில கசந்தது

கமர்ஜஹான் எங்க பக்கத்து வீடு. கொதிக்குற எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு நாள் பூரா சமோசா போட்டு டீக்கடைகளுக்கு அனுப்புறவ. கடைக்காரங்க அம்புட்டுப் பேரும் அவகிட்ட அடங்கியே பேசுவாங்க. அப்பேர்ப்பட்டவளை ஒரு சின்னக் காது ஆட்டி வச்சிருச்சு.

அவ மக ரஃபியாவுக்கு அஞ்சு வயசு. காதுச் சவ்வுக்குப் பின்னால நீர் கட்டி காது மந்தமாயிருச்சுன்னு, மதுரை ஆஸ்பத்திரியில ரெண்டு சவ்வுலயும் கடுகளவு குழாய் வச்சுவிட்டாங்க. அப்புறம் மாடியில சேலை படபடக்குறதுகூட புள்ளைக்குக் கேட்டுச்சு. கமர் அதைத் தெருப் பூரா சொல்லித் திரிஞ்சா.

ஆடிக் காத்துல சளி பிடிச்சு, ஒரு காது மஞ்சளா ஒழுக ஆரம்பிச்சுச்சு. ஒழுகுனா விடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த சொட்டு மருந்தை விட்டா. ரஃபியா மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு, "அம்மா, தொண்டை கசக்குது"ன்னுச்சு. வாயில ஒண்ணுமே போடலை. மருந்து மூளைக்குள்ள புகுந்து இறங்குதுன்னு கமர் நெனச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டு, பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சுன எண்ணெயை ஆறவச்சு விட்டு, பஞ்சால இறுக்கி அடைச்சுட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, வீம்பு பிடிச்சவ.

அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குள்ள போகவே எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். புள்ள தலையைச் சாய்ச்சுக்கிட்டு, யாரோ சொல்றதைக் கேக்குற மாதிரி சுவத்தையே பாத்து உக்காந்திருக்கும். கூப்பிட்டாத் திரும்பாது. "உள்ள கொதிக்குதும்மா"ன்னு மட்டும் சொல்லும். அடுப்பு அணைஞ்சு கிடக்கும்.

அந்தி மக்ரிப் தொழுகை முடிஞ்சதும், கமர் புள்ளையைத் தூக்கிக்கிட்டு பள்ளிவாசல் வாசல்ல குர்ஆன் ஓதி ஊதச் சொல்லி நின்னா. ஊத வந்தவரு காதுகிட்டக் குனிஞ்சு, வீச்சம் அடிச்சதும் பின்னாடி நகந்துட்டாரு. புள்ளைக்குள்ள புகுந்திருக்குற ஏதோ ஒண்ணைப் பாத்துத்தான் அவரு பயந்துட்டாருன்னு இவளுக்கு நெனப்பு. நேரா எங்க வீட்டுக்கு வந்தா.

"செபாஸ்தியம்மாக்கா, எம் மக எங்கயோ போய்க்கிட்டே இருக்கா. நான் கூப்பிடுறது அவளுக்கு எட்டலை."

"கூறு கெட்டவளே, குழாய் வச்சவங்களைக் கேக்காம ஊரையெல்லாம் கேட்டியாக்கும்"னு கத்துனேன். கத்துனனே தவிர, அந்தப் புள்ள கண்ணைப் பாக்க எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.

மறுநாளே மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா எண்ணெயையும் சீழையும் உறிஞ்சி எடுத்தாங்க. "கசந்துச்சுன்னா மருந்து குழாய் வழியா உள்ள போயி, காதுல இருந்து தொண்டைக்கு இருக்குற வழியில இறங்கியிருக்கு, நல்லதுதான். மூளைக்குப் போகாது. எண்ணெய் விடாதீங்க, பஞ்சு அடைக்காதீங்க. ஒழுகுறதைத் துடைச்சுட்டு சொட்டு விட்டு, காதுக்கு முன்னாடி இருக்குற மடிப்பை அமுக்கி அமுக்கி விடுங்க"ன்னாங்க.

அப்படியே செஞ்சா. ஒவ்வொரு தடவையும் "கசக்குதா?"ன்னு கேப்பா. புள்ள சும்மா சுவத்தைப் பாக்கும். ஒருநாள் சாயங்காலம் மருந்தை விட்டுட்டு, கமர் அடுப்படிக்குப் போயி, முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுதா. பக்கத்துல நின்ன எனக்கே அந்தச் சத்தம் சரியாக் கேக்கலை.

"கசக்குதும்மா," கூடத்துல இருந்து ரஃபியா சொன்னா. "நீ ஏம்மா அழுகுற?"