அடியிலும் அடித்த பச்சை

வெட்டிய புல்லும் பெட்ரோலும் கலந்த வாடை எங்கே வந்தாலும் கால் நின்றுவிடும். குவைத்தில், யாருடையதோ தோட்டச் சுவரோரம் அப்படி நின்றிருக்கிறேன். பிறகு நடந்துவிடுவேன். நிற்கிற ஆள் இல்லை நான்.

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் வயலெல்லாம் தொழிற்சாலையாகிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். முகப்பில் பெரிய புல்வெளி. அதை வெட்ட, உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஓட்டியது ஓர் அக்கா. அதுவரை அதே புல்வெளியில் குனிந்து களை பறித்தவர். வண்டி ஏறிய பிறகு முதுகு நிமிர்ந்தது, கூலியும் கொஞ்சம் ஏறியது.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து வண்டி காலையில் கிளம்பவில்லை. புது பேட்டரி போட்டோம். அதுவும் நாலே நாளில் படுத்தது. சூப்பர்வைசர் தெலுங்கில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: பேட்டரி சரிதான், ஆள்தான் கோளாறு, சாவியை அணைக்காமல் போகிறாள். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வண்டிக்கு வேறு ஆள்.

"சாவி என் இடுப்புலதான் தூங்குது நைனா. பொரண்டு படுத்தா குத்துது. அது எப்டி ஆன்ல இருக்கும்?" என்றார் அக்கா.

சனிக்கிழமை எனக்கும் அங்கே கடைசி நாள். கம்பெனி வேன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினேன். ஒயரைக் கழற்றி, வண்டியின் பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். வேகம் கூட்டியும் அசையவில்லை. சார்ஜே ஏறவில்லை. ஃப்ளைவீலுக்கு அடியில் கரன்ட் உண்டாக்கும் காயிலின் ஒயர்களைப் பிரித்துப் பார்த்தேன். முப்பது வோல்ட், ஏசி. காயில் நன்றாகவே இருந்தது. மிச்சம், அந்த ஏசியை டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர். உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி. பெட்டி, போல்ட், தகடு, எல்லாம் பளபளவென்று பச்சை.

"இதுக்கு யாருக்கா பெயின்ட் அடிச்சது?"

"நான்தான், பூஜைக்கு. கழட்டி அடியிலயும் அடிச்சேன். சாமிக்கு வெக்கறத அரகொறயாவா வெப்பாங்க?"

பெட்டியின் உடம்பு எஞ்சின் இரும்பைத் தொட்டால்தான் அதற்கு எர்த். நடுவில் இரண்டு கோட் பெயின்ட், கரன்ட் தாண்டாது. காயில் ஒயர்களை மாட்டிவிட்டு, பெட்டியின் ஓரத்தில் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி, அதையும் எஞ்சினையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். பேட்டரியில் மீட்டர் ஏறியது. பதிமூன்று. பதிமூன்றரை. பதினாலு.

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சாவி இல்ல, பெயின்ட்டு. அப்பவும் நான்தான?"

"துரு புடிச்சிருந்துதுன்னு சொல்லிடறேன் விடுக்கா."

"வேணாம். நாளைக்கு வேறெவனாவது கண்டுபுடிச்சிச் சொல்லுவான்."

சூப்பர்வைசர் வந்ததும் அக்காவே தெலுங்கில் சொன்னார், பூஜை, பெயின்ட், அடிப்பக்கம், எல்லாம். சூப்பர்வைசர் மீட்டரைப் பார்த்தார். "சரே" என்றார். போய்விட்டார். சாவியைப் பற்றிப் பேசியதற்கு வருத்தமாக ஒரு வார்த்தை இல்லை. ஆளை மாற்றுகிற பேச்சும் இல்லை.

உப்புத்தாள் வைத்துப் பச்சையைச் சுரண்டினோம், வெள்ளை அலுமினியம் தெரியும்வரை.

சாயங்காலம் கேட்டருகே நகரி பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கினேன். அக்கா கூடவே ஓடிவந்தார்.

"மீட்டர்ல எத்தினி வந்தா நல்லதுன்னு சொன்ன?"

"பதிமூணரைக்கு மேல, பதினாலரைக்குள்ள."

"எழுதிக் குடுத்துட்டுப் போ நைனா. தெலுங்குலயே எழுது, சூப்பர்வைசர் படிக்கணும். கீழ உன் கையெழுத்தும் போடு."