மகள் நீட்டிய மைக்

பசேலி கத்தோமாஸின் மாட்டுத் தொழுவத்தில் வானொலிப் பெட்டிக்கென்றே ஓர் ஆணி உண்டு. அதில் வேறு எதையும் மாட்டக் கூடாது. காலையில் பால் கறக்க உள்ளே நுழைந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்னால் வானொலியைத்தான் போடுவார். சுவிட்சர்லாந்தின் மலையூர்களில் கொஞ்சம் பேர் மட்டும் பேசுகிற எங்கள் ரொமான்ஷ் மொழியில் யாராவது பேசிக்கொண்டிருந்தால்தான் மாடுகள் அடங்கி நின்று பால் விடும் என்பது அவர் கட்சி. ஒருமுறை அவர் மனைவி பார்லா தெரியாத்தனமாக ஜெர்மன் பாட்டு நிலையத்துக்குத் திருப்பிவிட, மூத்த பசு வாளியை உதைத்துத் தள்ளிவிட்டது. வாளியை அவள் சரியாக வைக்காததுதான் காரணம் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் குமிழைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை.

அந்தப் பெட்டிக்குள் காலைச் செய்தி வாசிப்பவள் அவர்களுடைய ஒரே மகள் செரைனா. படிப்பு முடிந்ததும் சூரிச்சில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்தாள். நாள் முழுக்க ஜெர்மன் பேசி, சாயங்காலம் அறைக்கு வந்து சுவரோடு ரொமான்ஷில் பேசியதாகச் சொல்வாள். கூர் நகரத்து ரொமான்ஷ் வானொலி நிலையத்தில் இடம் கிடைத்ததும் ஓடி வந்துவிட்டாள். அவள் முதல்முதலாக வாசித்த அன்று பசேலி அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் தொழுவத்துக்குக் கூட்டிவந்து, சாணத்துக்கு நடுவே நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார். எல்லோரும் பாராட்டினார்கள். அவர் மட்டும், "நல்லாத்தான் படிக்கிறா. கடைசி வரி வந்தா மூச்சு வாங்குறா" என்றார். பெற்ற மகளை வாய்விட்டு மெச்சினால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிற ஆள் அவர்.

அப்படிப்பட்டவர் வானொலிக் கட்டணத்தை ஒழிக்க வேண்டும் என்று கிளம்பினால் யார்தான் நம்புவார்கள்?

பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வீட்டுக்கு வீடு கட்டுகிற வருடக் கட்டணம் வேண்டுமா, வேண்டாமா என்று நாடே வாக்களிக்கப்போகும் குளிர்காலம் அது. கட்டணம் போனால் முதலில் கதவை மூடப்போவது எங்கள் ரொமான்ஷ் நிலையம்தான் என்பது கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கலாமென்றால், எங்கள் மொழி பேசுகிற அத்தனை பேரையும் ஒன்றாகக் கூட்டினாலும் சூரிச்சின் ஒரு மூலைக்குக் காணாது. எங்களுக்கென்று எந்தச் சோப்புக் கம்பெனி காசு செலவழிக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்லா உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஆப்பிள் கூழோடு வைத்திருந்தாள். செரைனா கூரிலிருந்து வந்திருந்தாள். பசேலி முள்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"சூரிச்காரன் போடுற காசுல நம்ம பாஷை பொழைக்கணுமா? நாம கட்டுறது கொஞ்சம், நமக்கு அவன் அனுப்புறது எக்கச்சக்கம். அதுக்கு என்ன பேரு? பிச்சைதானே? நம்ம பாஷைக்கு நாமளே சோறு போட முடியலைன்னா போகட்டும் விடு."

"பாஷை போகட்டும், சரி. பொண்ணோட வேலையும் போகட்டுமா?" என்றாள் பார்லா.

"அவளுக்குக் கை கால் இருக்கு."

"கை கால் இருக்கு. மறுபடியும் சூரிச்சுக்குத்தான் போகணும். அங்க போயி செவுத்தோட பேசணும். உனக்கென்ன, தொழுவத்துல மாட்டோட பேசிக்குவ."

செரைனா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அம்மா, விடும்மா. அப்பா, நீ எப்படி வேணாலும் ஓட்டுப் போடு. இதுல நான் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. நிலையத்து விதி."

"பாத்தியா! வீட்டு மேசையிலகூடப் பேசவிடாத நிலையம். அதுக்கு நான் காசு கட்டணுமாம்!"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அவள் முதுகைப் பார்த்ததும் அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்கு எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை.

இந்த மனிதர் இன்னொரு விஷயத்தில் எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பியேல் ஊரின் மலைமேய்ச்சலுக்கு அவர்தான் தலைவர். மே மாதம் பனி உருகியதும் ஊர்வேலை நாள் வரும். பனிச்சரிவு உருட்டிக்கொண்டு வந்த கற்களைப் பொறுக்கி ஓரமாகக் குவிக்க வேண்டும், வேலியை நிமிர்த்த வேண்டும், மேலே போகிற பாதையைச் செப்பனிட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள். மாடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வழக்கம் அப்படி. வராதவர்கள் வீட்டு வாசலில் பசேலி போய் நிற்பார். அவர் வாயில் விழுவதைவிடக் கல் தூக்குவது மேல் என்று எல்லோரும் வந்துவிடுவார்கள். முந்தின வருடம், சூரிச்சிலிருந்து வந்து பழைய ரொட்டிக்கடை வீட்டை வாங்கிக் குடியேறிய ரெகுலா பென்சிகரையும் அவர் விடவில்லை. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மா, புதுக் கையுறையோடு வந்து, "எனக்கு மாடே இல்லையே" என்று பணிவாகத்தான் கேட்டார். "பாதையில நடக்குறீங்கல்ல? அப்புறம் என்ன?" என்று பெரிய கல்லாகப் பார்த்துக் காட்டினார் பசேலி.

வாக்கெடுப்புக்கு முன்பு நிலையம் ஊர் ஊராகப் போய், மக்கள் பேச்சை நேரலையாக ஒலிபரப்பியது. கம்பியேலின் முறையும் வந்தது. நடத்தப்போவது செரைனா. வேறு யாரையாவது அனுப்பும்படி கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஊர் இருந்ததால் நடக்கவில்லை. "அப்பா, நீ வராம இருந்துடேன்" என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் பார்லாவுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வீம்புக்காகவே வந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

ஊர் மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஈரக் கம்பளிக் கோட்டு வாடை. மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்ததும் செரைனா வணக்கம் சொல்லித் தொடங்கினாள். யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டு முடிக்கவில்லை, பசேலியின் கை மேலே போய்விட்டது. இன்னும் நாலைந்து கைகளும் உயர்ந்தன. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு நேரே அப்பாவிடம் வந்து மைக்கை நீட்டினாள்.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள், ஐயா."

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

மண்டபம் சிரித்தது.

"கேட்கிறவர்களுக்குத் தெரியாதே, ஐயா."

பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட மகள் 'ஐயா' என்றதும் பசேலிக்குக் காது சூடேறியது. பெயரைச் சொன்னார். பிறகு வீட்டில் பேசியதைத்தான் அங்கேயும் பேசினார். வங்கிக்காரனுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் ஒரே கட்டணம் எப்படி நியாயம் என்றார். வேண்டியவன் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும் என்றார். நன்றாகவே பேசினார். பின்வரிசையில் கைதட்டினார்கள். பிச்சை என்ற இடத்துக்கு வந்ததும் திடீரென்று நின்றுவிட்டார். வானொலியில் மௌனம் எவ்வளவு பெரிய குற்றம் என்று செரைனாவுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் மைக்கைத் திருப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் திருப்பவில்லை.

"நேரம் இருக்கிறது. சொல்லுங்கள்" என்றாள்.

"பட்டாளத்துல இருந்தேன்" என்றார் பசேலி. குரல் இறங்கியிருந்தது. "இருபது வயசு. ஜெர்மன் சரியா வராது. சாப்பாட்டு வரிசையில மேலதிகாரி ஒருத்தன், சூரிச்காரன், எல்லார் முன்னாலயும் சொன்னான்: 'மலைக்காரா, நல்லாத் தின்னு. உங்க ஊரு ரோடு, உங்க மாடு, உங்க பாஷை, எல்லாத்துக்கும் எங்கப்பன்தான் காசு கட்டுறான்.' எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். அதான்... அதான் எனக்கு வேண்டாம்."

பார்லா வாயில் கைவைத்துக்கொண்டாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவளிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. மகள் இன்னொரு கையையும் கொடுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது எழுந்தவர் ரெகுலா. செரைனா மைக்கை அவரிடம் கொண்டுபோனாள்.

"நான் ரெகுலா. பழைய ரொட்டிக்கடை வீடு. என் ரொமான்ஷ் தப்பு வரும், மன்னிக்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நானும் சூரிச். போன மே மாசம் நான் கல் தூக்கினேன். பெரிய கல். எனக்கு மாடு இல்ல. பூனை ஒண்ணு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டார். பிறகு பசேலியின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நாள் முதுகு வலி. கத்தோமாஸ், அது நான் உங்க மாட்டுக்குப் போட்ட பிச்சையா?"

பசேலி நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "பிச்சையா? எவன் சொன்னான்? அது உங்க பங்கு! ஊர்ல இருக்கீங்க, ஊருக்கு உங்க பங்கைச் செஞ்சீங்க. இதுல பிச்சை எங்க வந்துச்சு?"

"சரி. அப்போ நான் கட்டுற வானொலிக் காசு?"

செரைனா அப்பாவிடம் வந்து மறுபடியும் மைக்கை நீட்டினாள்.

"பதில் சொல்ல விரும்புகிறீர்களா, ஐயா?"

அவர் மைக்கைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். "இப்போ வேண்டாம்" என்று உட்கார்ந்தார்.

"பசேலிக்குப் பேச்சு நின்னுபோச்சு! பதிவு பண்ணிட்டீங்களா?" என்று பின்னாலிருந்து பக்கத்து வீட்டு ஜியேரி கத்தினான்.

"நேரலை, ஐயா. எல்லோரும் கேட்டுவிட்டார்கள்" என்றாள் செரைனா.

கூட்டம் கலைந்ததும் பசேலி மண்டபத்திலேயே நின்றார். அவள் கம்பிச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் மறுமுனையை எடுத்துச் சுற்றினார்.

"பட்டாளத்துக் கதைய என்கிட்ட ஏம்ப்பா சொன்னதே இல்ல?"

"நீ கேட்டதே இல்ல."

"மைக்க நீட்டினாத்தான் பேசுவியா?"

"நான் தடுமாறினப்போ நீ வெட்டிவிட்டிருக்கலாம். உன் வேலைக்கு உலை வைக்கிற பேச்சுதானே அது?"

"எப்படிப்பா வெட்டுறது? நீயும்தானே காசு கட்டுற."

அதை அவள் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. சுருளை வண்டியில் வைத்துவிட்டு அவர் கன்னத்தில் முத்தமிட்டுப் போய்விட்டாள். அவர்தான் அந்த வார்த்தையை வீடுவரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் தொழுவத்தில் அவள் குரல் வந்தபோது, அவர் கறவையை நிறுத்திவிட்டுச் செய்தி முடியும்வரை பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டோடு போய்த் தன் சீட்டைப் பெட்டியில் போட்டார். பிற்பகல் தொழுவத்து வானொலியில் முடிவை வாசித்தது செரைனாதான். கட்டணம் இருக்கட்டும் என்று பத்துக்கு ஏழு பேர் சொல்லிவிட்டார்கள், சூரிச்காரர்களும் சேர்ந்து. அவள் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, கவலையும் இல்லை. கடைசி வரியில் மட்டும் மூச்சு வாங்கினாள். பசேலி இந்த முறை அதைக் குறை சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வைக்கோல் தூசி என்றார்.

சாயங்காலம் அவள் தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா, நீ என்ன போட்ட?"

"ஓட்டு ரகசியம், அம்மணி. நிலையத்து விதி மாதிரி இது நாட்டு விதி" என்று வைத்துவிட்டார். பார்லா கேட்டபோதும் அதே பதில். இரண்டு மாதம் அவளும் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் பெயரவில்லை.

மே மாதம் ஊர்வேலை நாள் வந்தது. ரெகுலா பழைய கையுறையோடு முதல் ஆளாக வந்து நின்றார். ஜியேரி மட்டும் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு வந்தான். குளிர்காலத்தில் கடைசி மாட்டையும் விற்றிருந்தான்.

"எனக்கு மாடே கிடையாது. நான் எதுக்குக் கல்லு தூக்கணும்? நியாயத்தச் சொல்லு, பசேலி."

பசேலி வழக்கமான திட்டை ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் நின்றார். ரெகுலாவை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாடு இல்லாதவனும் கல்லு தூக்கணும். டிவி பாக்காதவனும் காசு கட்டணும். வீட்டுக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான்" என்றார். "திட்டணும்னா நல்லாத் திட்டு. கூருக்குப் போய்த் திட்டு. உனக்கும் மைக்க நீட்டுவாங்க, நடுவுல வெட்ட மாட்டாங்க. இப்போ குனி."

ஜியேரி முணுமுணுத்துக்கொண்டே குனிந்தான். வேலியோரம் நின்ற பார்லா நிமிர்ந்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. மேலங்கிப் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் பசேலி.

"செரைனாவுக்குத்தான். நீ என்ன ஓட்டுப் போட்டேன்னு சொல்லப் போறேன்."

பசேலி பெரிய கல் ஒன்றின் அடியில் கையைக் கொடுத்தார்.

"இப்போ அவளுக்கு ஒலிபரப்பு நேரம். தொந்தரவு பண்ணாத" என்றார். "சாயங்காலம் சொல்லு."