நாலாவது குரல்

6:10. 6:31. 7:48. இந்த மூன்று நேரங்களையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கீழே என் மனைவியும் மச்சானும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கதை கட்டுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் வந்தது.

நான் ஒரு துணித் தொழிற்சாலையில் தீப்பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை சங்கு ஊதி, இருநூற்றுப் பதினான்கு பேரையும் மைதானத்துக்கு வரவழைப்பேன். ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லி, கூடவே 'சரி' என்பார்கள். கடைசிக் குரல் வந்ததும் நான் "எண்ணிக்கை முடிந்தது" என்று அறிவிப்பேன். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே தேடப் போக மாட்டோம். பதினோரு வருடத்தில் ஒரு தலை தவறியதில்லை. இதை வீட்டில் சொல்லிச் சொல்லியே எல்லோர் காதும் புளித்துப் போயிருந்தது.

மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும் என்பது பாப்பாவின் ஆசை. அவளுக்கு அப்போது ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, 'ச' சொன்னால் விசில் அடிக்கும். என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், வரைபடத்தில் ஒரு ஓடைக்கரையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை கிளம்பி இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். அங்கே போன் எடுக்காது என்றான்.

அதனால் வாக்கி டாக்கி வாங்கப் போனேன். மலையேற்றச் சாமான்களை வாடகைக்கு விடுகிற கடை அது.

"மூணு செட்டுதான் சார் இருக்கு" என்றார் கடைக்காரர்.

"பெட்டியில நாலு குழி இருக்கே?"

"நாலாவது ரிப்பேர்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையைப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் எண் கொடுத்தேன். நான் ஒன்று. மனைவி இரண்டு. மச்சான் மூன்று. பாப்பா, "எனக்கு?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அவளுக்கு நாலு. அம்மாவின் செட்டிலேயே பேசிக்கொள்ளலாம் என்றேன்.

கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை மாலை சோதனை. நான் மொட்டை மாடியில். மனைவி மூன்றாவது மாடியில் எங்கள் சமையலறையில். மச்சான் தெருமுனையில்.

மணி 6:10.

"ஒன்று சரி" என்றேன்.

"ரெண்டு சரி."

"மூணு சரி அத்தான். குளிருது, சீக்கிரம் முடிங்க."

கொஞ்சம் கரகரப்பு... பிறகு ஒரு சின்னக் குரல்.

"நாலு... சரி."

"எண்ணிக்கை முடிந்தது" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். பாப்பா ஈரத்தலையோடு குளியலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"அவ குளிச்சிட்டு இருந்தாங்க. இங்க யாரும் நாலு சொல்லல" என்றாள் மனைவி.

மச்சானின் வேலைதான் என்று நினைத்தேன். ஊரையே நக்கலடிக்கிற ஆள். அவன் படியேறி வந்ததும், "நீதானே?" என்றேன். "சத்தியமா இல்ல அத்தான். பாப்பான்னுதான் நானும் நினைச்சேன்" என்றான். இதற்குள் பாப்பா செட்டை எடுத்து, பட்டனில் விரலை வைத்தபடி பள்ளிக்கூடக் கதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் இருக்கும். நாங்கள் தடுக்கவில்லை.

இந்த முறை மச்சானை மாடியில் என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

மணி 6:31.

"ஒன்று சரி."

"ரெண்டு சரி."

"மூணு சரி" என்றான் மச்சான், என் தோளை ஒட்டி நின்றபடி.

"நாலு சரி."

லேசான விசில் இருந்தது. பாப்பாவேதான். நிம்மதியாக இருந்தது. ஆனால் பின்னால் ஏதோ ஒரு சத்தம்... தண்ணீர் ஓடுகிற மாதிரி.

"குழாயைத் திறந்து விட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றாள் மனைவி. "இருங்க, பாப்பா இன்னும் சொல்லல. கையில பிஸ்கட், பட்டன அமுக்க வரல அவளுக்கு."

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். அவன் நக்கலடிக்கவில்லை.

கீழே வந்ததும் முதல் வேலையாக மூன்று செட்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றினேன். மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். வேறு யாரோ அதே அலைவரிசையில் பேசியிருப்பார்கள் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். அப்படிப் பேசியது தைரியமாக இருந்தது. வரைபடத்தை விரித்து, எங்கே விறகு எடுப்பது, எங்கே தண்ணீர் பிடிப்பது என்று குறிக்க ஆரம்பித்தோம். பாப்பா என் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

"காட்டுல மணிக்கு ஒரு தடவை எண்ணிக்கை. செட்டு இல்லாட்டியும் வாயால சொல்லணும்" என்றேன். பழக்கதோஷம்.

மணி 7:48.

"ஒன்று சரி."

"ரெண்டு சரி."

"மூணு சரி."

பாப்பா வாய் நிறைய பிஸ்கட். மெல்லுகிறாள்...

மேஜையில் கர்ர்ர் என்றது.

பேட்டரி இல்லாத செட்.

"நாலு சரிப்பா."

அதே குரல். அதே விசில். என் பாப்பா.

மடியில் இருந்தவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்பா... நான் பேசலப்பா."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் நின்றேன். பெட்டியைத் திருப்பி வைத்ததும் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி இது.

"நாலு பேரா போறீங்க?"

நான் தலையாட்டினேன். அவர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே நாலாவது செட் புதுசு மாதிரி இருந்தது. பேட்டரி இல்லை.

"மூணு வருஷம் ஆச்சு சார். இதே செட்டு, நாலு பேர். அதுல ஒரு காலேஜ் பொண்ணு நாலாம் நம்பர். பேசினா லேசா திக்கும். ஒரே பனி, ஆளுக்கொரு பக்கம் இருந்தாங்க. மணிக்கொரு தடவை எண்ணிக்கை எடுத்திருக்காங்க. மூணு மணிக்கு, நாலு மணிக்கு, அஞ்சு மணிக்கு... எல்லாத்துக்கும் பதில் வந்திருக்கு. 'நா... நாலு சரி'ன்னு, அதே திக்கலோட. அதனால யாரும் தேடல. இருட்டினப்புறம்தான் ஆள் இல்லைன்னே தெரிஞ்சது. ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல கிடந்துச்சு."

"எப்போ... ?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"அந்தப் பொண்ணோட செட்டு?"

"கூடாரத்துலயே இருந்துச்சு. பைய விட்டு எடுக்கவே இல்ல."

எந்த இடம் என்று கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மச்சானின் சிவப்பு வட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

நாங்கள் போகவில்லை. பாப்பா இரண்டு நாள் அழுதாள், அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் காட்டில் அவள் தொலைந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. மணிக்கு மணி அவள் குரலில் பதில் வந்திருக்கும். நான், பதினோரு வருடம் ஒரு தலையும் தவறவிடாதவன், "எண்ணிக்கை முடிந்தது" என்று சொல்லியிருப்பேன்.

இப்போது தொழிற்சாலையில் குரலை வைத்து எண்ணுவதில்லை. வரிசையில் நடந்து, ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுகிறேன். நேரமாகிறது என்று மேனேஜர் திட்டுகிறார். வீட்டிலும் அப்படித்தான். பாப்பா எங்கே என்று கேட்டு, உள்ளறையிலிருந்து "இங்கதான்ப்பா" என்று பதில் வந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

பாப்பாவுக்குப் பல் முளைத்து ஒரு வருடம் ஆகிறது. 'ச' சுத்தமாக வருகிறது. ஆனால் சில நாள் மாலையில், "பாப்பா, படிச்சிட்டியா?" என்று நான் கூப்பிட்டால்... உள்ளறையிலிருந்து வருகிற "சரிப்பா"வில் இன்னும் அந்த விசில் கேட்கிறது.