அங்கே பயமில்லையா என்று கேட்டவர்கள்

சீனாவுக்குப் போவதற்கு முந்தின வாரம் எனக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். வகுப்பு என்றால் கம்ப்யூட்டர் திரையில்தான். எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஐரோப்பாவில் இருக்கிறது. பெங்களூரில் பொம்மனஹள்ளியில் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். மின்சார மீட்டருக்குள் போகிற சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, தேறியது தேறாதது என்று பிரிப்பது என் வேலை. அந்தப் போர்டுகள் தெற்குச் சீனாவில் ஒரு தொழிற்சாலையில் தயாராகின்றன. குறை அதிகமாக வந்துகொண்டிருந்ததால், ஐந்து மாதம் அங்கேயே தங்கி, பெட்டியில் அடைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்பத்து நான்கு வயதுப் பெண், கல்யாணம் ஆகவில்லை, லிங்கராஜபுரம் வீட்டில் அக்கா மட்டும். அனுப்புவதற்கு வசதியான ஆள்.

திரையில் வந்தவர் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி. வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிராத குரல். தனியாக வெளியே போகாதீர்கள் என்றார். புதியவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். லேப்டாப்பை ஒரு நிமிடம்கூடக் கண்ணைவிட்டு விலக்காதீர்கள், கழிப்பறைக்குப் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள். போலீஸ்காரர் வந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் நிதானமாக, அக்கறையோடுதான் சொன்னார்.

"நீங்கள் அங்கே எத்தனை முறை போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"போனதில்லை. ஆனால் நிறையப் படித்திருக்கிறேன்" என்றார்.

முதல் இரண்டு வாரம் அவர் சொன்னபடியே இருந்தேன். தொழிற்சாலை, அறை, தொழிற்சாலை. லேப்டாப் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டே சாப்பிட்டேன். எனக்கு மொழிபெயர்க்க ஒரு பெண்ணைக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பாள், வேலை பார்த்தபடியே ஆங்கிலம் கற்றவள். மூன்றாம் நாள் கழிப்பறை வாசலில் என் பையைப் பார்த்துவிட்டு, "உள்ளே உட்கார்ந்தும் வேலை செய்வீர்களா?" என்று உண்மையாகவே கேட்டாள். சிரித்து வைத்தேன்.

மதியம் அவளோடு நூடுல்ஸ் கடைக்குப் போவேன். கூட்டமான கடை. அங்கே இடம் பிடிப்பதற்கு ஆட்கள் கைப்பையையோ போனையோ மேஜைமேல் வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்பார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கே பதறியது. யாருடைய போனையோ நான் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வாரம் ஒரு நாள், குறை போர்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே எழுந்து வந்த நான், தொழிற்சாலை வாசலில்தான் தோள் காலியாக இருப்பதை உணர்ந்தேன். ஓடினேன். பை நான் விட்ட நாற்காலியிலேயே இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபடி பையை அள்ளியபோது அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு நான் மாறிப்போனேன். வேலை முடிந்ததும் தனியாக ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தேன். விளக்கு போட்ட பிறகும் நடந்தேன். அங்கே நடுத்தர வயதுப் பெண்கள் வரிசையாக நின்று பாட்டுக்கு ஆடுவார்கள், பிள்ளைகள் சைக்கிள் விடும். பெங்களூரில் ஆட்டோ ஏறினால் நம்பரைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்புவேன். தனியாக நடந்தால் பின்னால் பைக் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது எப்போதும் அங்கேயே இருக்கும். துப்பட்டாவை இழுத்துச் சங்கிலியை மறைத்துக்கொள்வேன். இதையெல்லாம் ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை. அந்த ஏரிக்கரையில் ஒரு நாள் என் தோள்பட்டை இறங்கியிருப்பதைக் கவனித்தபோதுதான், இருபத்தைந்து வருடமாக அது தூக்கியே இருந்தது என்பது தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரே அசதி. அன்று அறைக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினேன்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ்காரர் கதவைத் தட்டினார். தனியாளாக, இளைஞர். வெளிநாட்டுக்காரர்களின் பதிவைச் சரிபார்க்க வந்ததாகத் தன் போனில் பேசி, மொழிபெயர்த்துக் காட்டினார். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்று நினைவு வந்தது. ஐரோப்பாவில் அது விடியாத நேரம், கூப்பிடவில்லை. போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு பால்கனிக்குப் போய்க் கம்பியை அசைத்துப் பார்த்து, போனில் மறுபடியும் ஏதோ பேசி என்னிடம் நீட்டினார். 'கம்பி ஆடுகிறது, சாயாதீர்கள், வீட்டுக்காரரிடம் சொல்கிறேன்' என்று இருந்தது. எனக்கு மனம் இளகியது. கிளம்பும்போது இன்னொரு வரி காட்டினார். 'நேற்று ஏரிக்குக் கிழக்கே வழி தவறினீர்கள். பிறகு கண்டுபிடித்தீர்களா?'

முந்தின நாள் நான் வழி தவறியது உண்மை. ஒரு காவலாளியிடம் கேட்டேன். அந்தக் காவலாளி இவரிடம் சொன்னாரா, அல்லது கம்பத்துக்குக் கம்பம் இருந்த கேமராக்களில் ஒன்றில் பார்த்தாரா, தெரியாது. தலையாட்டினேன். அவர் புன்னகை செய்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் கம்பியைச் சரி செய்ய ஆள் வந்தான். அந்த ஞாயிறு மாலை நான் நடக்கப் போகவில்லை. மறுநாள் போனேன்.

மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம் ஒரு முறை நேராகவே கேட்டேன்.

"உனக்கு இங்கே பயமே இல்லையா?"

"தெருவிலா? இல்லை" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "என் மகளுக்கு ஒன்பது வயது. என் அம்மாவிடம் இருக்கிறாள், ரயிலில் ஒரு நாள் தூரம். எங்கள் குடும்பப் பதிவு அந்த ஊரில் இருக்கிறது. இங்கே பதிவு இல்லாத பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பேன். போன முறை என்னைப் பார்த்ததும் பாட்டியின் பின்னால் போய் நின்றாள்" என்றாள்.

"இதை யாரிடமாவது சொல்ல முடியாதா? எழுதிப் போட முடியாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "மழை வரும்போல, சீக்கிரம் நடங்கள்" என்றாள்.

ஐந்து மாதம் முடிந்து திரும்பினேன். எல்லோரும் கேட்டார்கள். அலுவலகத்தில், "மேடம், போன் எல்லாம் ஒட்டுக் கேப்பாங்களாமே, ரோட்ல தனியா விடுவாங்களா?" என்றார்கள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெரியவர், போனில் பார்த்த வீடியோக்களை வைத்து, "அந்த மாதிரி கட்டுப்பாடு இங்க ஒரு பத்து வருஷம் வந்தா போதும்மா, நாடே சுத்தமாயிடும்" என்றார். முதலில் கேட்டவர்களுக்கு ஏரிக்கரையைச் சொன்னேன். இவருக்கு ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருக்கும் குழந்தையைச் சொன்னேன். இரண்டு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை. பிறகு "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லப் பழகினேன்.

வந்து மூன்றாவது வாரம். காலை பதினோரு மணி. அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் நின்றும் உட்கார்ந்தும் சாப்பிடுகிற இட்லிக் கடை. உட்கார ஒரே ஒரு மேஜை காலியாக இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. பையை நாற்காலியில் வைத்துவிட்டு டோக்கனோடு போய் வரிசையில் நின்றேன். இட்லியும் காபியும் வாங்கித் திரும்பியபோது அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க ஒரு பை இருந்துச்சே?"

"நான் வரும்போது காலியாத்தான் இருந்துச்சு மேடம்."

கையில் தட்டோடு நின்றேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, "ஏனம்மா, ஊரிகே ஹொசபரா நீவு?" என்று கன்னடத்தில் அதட்டினார். ஊருக்குப் புதுசா என்கிறார். நான் பிறந்தது இதே ஊரில், பள்ளிக்கூடம் போனது அல்சூரில். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த அம்மாள் தமிழில், "யாராச்சும் லேப்டாப் பைய சேர்ல வெச்சிட்டுப் போவாங்களா? படிச்சவங்கதான நீங்க?" என்றார். எடுத்துப் போனவனைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட ஏட்டு, கடை வாசல் கேமராவின் பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருப்பதாகவும், அதில் வெயில் அடித்து முகம் தெரியாது என்றும் சொன்னார். "ஏன் மேடம் அங்க வெச்சீங்க?" என்றார். ஐந்து மாதம் இல்லாததால் மறந்துவிட்டது என்று சொன்னேன். எங்கே போயிருந்தீர்கள் என்றார். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, "அங்க பாம்பெல்லாம் திங்கறாங்களாமே?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள், "நீ இன்னும் அந்த ஊர்லயேதான் இருக்க. ஒடம்பு மட்டும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எனக்கு ரசம் ஊற்றினாள்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி திரையில் வந்தார். கூட இன்னும் இரண்டு பேர். அதே அக்கறையான குரல்.

"சீனாவில் உங்களை யாராவது அணுகினார்களா?"

"திருட்டு நடந்தது பெங்களூரில். இட்லிக் கடையில்."

"புரிகிறது. ஆனால் நீங்கள் திரும்பி மூன்றே வாரம். உங்கள் அறைக்குப் போலீஸ் வந்ததாகப் பயண அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அவர் லேப்டாப்பைத் தொட்டாரா?"

"பால்கனிக் கம்பியைத் தொட்டார்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளப் பெண் என்னிடம் என்னென்ன கேட்பாள் என்றும் கேட்டார்கள். அவள் எதுவும் கேட்க மாட்டாள், நான்தான் அவளிடம் கேட்டேன் என்றேன். "என்ன கேட்டீர்கள்?" என்றார் ஒருவர். அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பெயரோடு அது எந்தக் காகிதத்தில் போய் உட்காரும் என்று தெரியவில்லை. "சாப்பாடு பற்றி" என்று பொய் சொன்னேன். கடைசியில் அவர்கள் பதிவு செய்தது, 'சீனப் பயணத்தைத் தொடர்ந்த பாதுகாப்புச் சம்பவம்' என்று. லேப்டாப் கிடைக்கவே இல்லை. பயணப் பாதுகாப்பு வகுப்பை நான் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது.

எடுத்தேன். முடிவில் கேள்விகள். 'ஆபத்து மிகுந்த நாட்டில் உணவகத்துக்குப் போகிறீர்கள். உங்கள் பையை எங்கே வைப்பீர்கள்?' எனக்குத் தெரிந்த விடை ஒன்று, அவர்களுக்குத் தேவையான விடை ஒன்று. தேவையானதை அமுக்கினேன். எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் வந்தது.

அடுத்த வருடம் சீனாவுக்குப் போக எங்கள் பிரிவில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்தாறு வயது, வாணியம்பாடிப் பக்கம், பொம்மனஹள்ளியில் விடுதியில் தங்கி வேலைக்கு வருகிறவள். கெட்டிக்காரி. அவளுக்கும் அந்த வகுப்பு நடந்தது. அவள் அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு. அங்க பொம்பளப் புள்ள தனியா இருக்கலாமா?"

"தாராளமா இருக்கலாங்க. நான் அஞ்சு மாசம் இருந்தேன். சாயங்காலம் தனியா நடப்பேன்."

"உங்க ஆபீஸ்லயே, தனியா வெளிய போவாதீங்கன்னு சொல்றாங்களாமே?"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"அவங்க பெரிய எடத்துல இருக்கறவங்க, தெரியாம சொல்லுவாங்களா மேடம்?" கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்க போய்ட்டு வந்ததுல உங்களுக்கு ஏதோ பிரச்சன ஆச்சாமே? விசாரணை எல்லாம் நடந்துச்சாமே?"

இட்லிக் கடையை முதலிலிருந்து சொன்னேன். நூடுல்ஸ் கடையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. ஏரிக்கரைக்கு வந்ததும், இதைச் சொன்னால் அந்த இளம் போலீஸ்காரரையும் சொல்ல வேண்டுமே என்று பட்டது. அதையும் சொன்னேன். மறைக்க எனக்குச் சக்தி இல்லை.

"பெங்களூர்ல விட்டு வெச்சிருக்கறதே எங்களுக்கு பயந்தான் மேடம். பாப்பா வேணாம்னு சொல்லிட்டதா நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க. நான் சொன்னதா தெரிய வேணாம்."

திங்கட்கிழமை அந்தப் பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"அப்பா உங்ககிட்ட பேசினாராமே மேடம்."

"ஆமா. நான் சரியா சொல்லலையோ என்னமோ."

"நீங்க என்ன சொல்லியிருந்தாலும் அவரு விட்டிருக்க மாட்டாரு." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஏரி எவ்ளோ பெருசு மேடம்?"

சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றேன். கரையில் என்ன மரம், பெண்கள் எந்த இடத்தில் ஆடுவார்கள், கிழக்கே போனால் எங்கே வழி தவறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தனை நாளில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது குறை போர்டுகள் அடங்கிய அடுத்த பெட்டி வந்து இறங்கியது. இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தோம்.