கூடையோடு நிறுத்த குட்டி

எஸ்டேட் பங்களாவில் ஒரு பாமரேனியன் நாய் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆவணியில், நான்கு குட்டி போட்டது. நான் அங்கே சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்தன. நான்காவது எலிக்குஞ்சு மாதிரி ஓரமாகக் கிடந்தது. பங்களா அம்மா ஒரு மாதம் பார்த்துவிட்டு, "இது தேறாது. வேணும்னா எடுத்துட்டுப் போ. பொழைச்சா உனக்கு" என்றார். முந்தானையில் சுற்றி, எஸ்டேட் வேலைக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள். குட்டி தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன். பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து சின்னத் தட்டுத் தராசைக் கேட்டு வாங்கி வந்தார். அங்கே காப்பிப் பழம் நிறுப்பது அவர்தான்.

"தொட்டுத் தொட்டுப் பாத்தே அதைக் கொன்னு போடாத புள்ள. வாரத்துக்கு ஒருக்கா நிறுத்துப் பாரு. எடை ஏறுனா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"ஏறலைன்னா என்னங்க பண்றது?"

"அதுக்கும் இப்பவே அழுதுக்க."

எஸ்டேட்டில் பழம் கொண்டுவரும் கூடையைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை வெறுமனே நிறுப்பார்கள். பருவம் முடியும்வரை அந்த எடையைத்தான் கழிப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். குட்டி படுக்கும் மூங்கில் கூடையையும் உள்ளே போட்ட சாக்குத் துண்டையும் வெயில் நாளில் நிறுத்தேன்: முந்நூறு கிராம். பிறகு குட்டியோடு நிறுத்து, முந்நூறைக் கழித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் கழித்தல் கணக்கு தப்பாது.

முதல் வாரம் ஐந்நூறு. அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். துணி காயாது, உப்பு நீர்த்துப்போகும். அடுத்த வாரம் ஐந்நூற்றைம்பது. அதற்கடுத்த வாரம் அறுநூறு. நாங்கள் சாப்பிடும் மூன்று வேளைதான் அதற்கும்: தண்ணீர் விட்ட பால், குழைந்த சோறு. இன்னொரு வேளை கொடுக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "எடைதான் ஏறுதே. மேல குடுத்தா வயித்தால போயிரும்" என்றார். குட்டி நாள் முழுக்கத் தூங்கியது. எண் ஏறியதால் நான் மூக்கில் விரல் வைப்பதை நிறுத்தியிருந்தேன்.

நான்காவது வாரம் வெயிலடித்தது. கூடையையும் சாக்கையும் இரண்டு நாள் வாசலில் காயவைத்தேன். அப்புறம் குட்டியை வைத்து நிறுத்தேன். முந்நூறைக் கழித்தால் ஐந்நூறு. மறுபடி நிறுத்தேன். ஐந்நூறுதான். தரையில் விட்டதும் தள்ளாடி விழுந்தது. கூடையோடு தூக்கிக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஏற்காடு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் முதலில் சர்க்கரைத் தண்ணீரை அதன் ஈறில் தடவினார். முதுகெலும்பை விரலால் நீவிப் பார்த்தார். காலண்டர் தாளைக் காட்டினேன். படித்துவிட்டுக் கூடையைத் தட்டினார்.

"ஏனுங்கம்மா, மழைல கூடையை ஒருக்காவாச்சும் வெறுசா நிறுத்தீங்களா?"

"மொதல்லயே நிறுத்தாச்சுங்களே."

"அப்ப இத்தனை நாளா வளந்தது கூடையும் சாக்குந்தானுங்க. ஈரத்தைக் குடிச்சிருக்குது. குட்டி மொத வாரத்து எடையிலயே நிக்குது."

காலண்டர் தாளை வாங்கி மறுபடி கழித்துப் பார்த்தேன்.

"இது நொம்ப சின்னச் சாதிங்க. வயிறு நெல்லிக்காயாட்ட இருக்கும், ஆனா பெரிய நாயை விட வெரசா வளந்து முடிக்கோணும். பசி தாங்காது, பொசுக்குன்னு விழுந்துரும். கொஞ்சங் கொஞ்சமா ஆறு வேளை குடுங்க. பால்ல தண்ணி ஊத்தாதீங்க. தின்னதுல பாதி குளுருக்கே போயிரும், அடுப்போரமா வெச்சுக்கங்க." பூச்சி மருந்தும் கொடுத்தார்.

பிழைத்தது. பத்து நாளில் பால் கிண்ணத்தைப் பார்த்துக் குரைத்தது. எட்டாம் மாதத்தோடு வளர்ச்சி நின்றது. இந்தச் சாதி அவ்வளவில் முழு நாயாகிவிடும். பங்களாவில் வைத்துக்கொண்ட அதன் கூடப்பிறந்தது நாலு விரல் அதிக உயரம். ஊசி போடப் போனபோது, நான் அரை வயிறாகப் போட்ட வாரங்களால்தான் இது இப்படிக் குள்ளமாயிற்றா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பொறப்பே சின்னதுங்க. அந்த வாரங்களும் சேந்திருக்கலாம். எதனால எவ்வளவுன்னு ஆருக்குங்க தெரியும்?"

அவர் இல்லையென்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாய் மேசைக்கடியில் அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.